ஏற்காட்டுக் கூட்டத்தில் ஆட்வேர் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்

மிக்ஸி, கிரைண்டர், குக்கர் இதையெல்லாம் வாங்கி, கொஞ்ச நாள் புழங்கிப் பார்த்துத் தமிழில் வீடியோ போடுவது என் வேலை. வீடியோவுக்குக் கீழே லிங்க் இருக்கும். அதைத் தொட்டு யாராவது பொருள் வாங்கினால் விற்றவரிடமிருந்து எனக்குக் கமிஷன் வரும். சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டில் இருந்தபடியே செய்கிறேன். பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ் இதிலிருந்துதான் போகிறது.

போன வருடக் கடைசியில் கணக்கு இடிக்க ஆரம்பித்தது. கிளிக் குறையவில்லை. "உங்க லிங்க்லதான் வாங்கினேன் அக்கா" என்று பில்லையே படம் எடுத்து அனுப்புகிறவர்களும் குறையவில்லை. ஆனால் அந்த ஆர்டர்களில் பல என் ரிப்போர்ட்டில் ஏறவே இல்லை. அந்த நேரத்தில்தான், கடைகளுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கும் நடுவில் நின்று கமிஷன் கணக்குப் பார்க்கும், நான் சேர்ந்திருக்கும் அஃபிலியேட் நெட்வொர்க் ஏற்காட்டில் ஒரு கூட்டம் போடுவதாக அழைப்பு வந்தது. ஸ்பான்சர் பட்டியலைப் பார்த்தால், கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன சாஃப்ட்வேர்) செய்கிற கம்பெனி ஒன்றும் அதில் இருந்தது.

"அவங்க காசுல சாப்பிட்டுட்டு அவங்களையே கேள்வி கேக்கப் போறீங்களா?" என்று இதே தொழிலில் இருக்கும் ஒரு தோழி கேட்டாள். எனக்கோ போயே ஆக வேண்டும் என்று இருந்தது. மெயில் போட்டால் தானியங்கிப் பதில் மட்டுமே வரும் ஆட்கள், ஒரு நாள் முழுக்க ஒரே ஹாலில் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். அந்த வாய்ப்பை யாராவது விடுவார்களா?

வெறும் கையோடு போகக் கூடாது என்று, ஐந்து ரோடு பக்கம் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போனேன். "வைரஸ் வந்துடுச்சு" என்று அவனிடம் வரும் மெஷின்களில் நிறையவற்றில் இருப்பது ஆட்வேர், அதாவது விளம்பரத்தில் காசு பார்ப்பதற்காக நமக்குத் தெரியாமல் ஏறிக்கொள்ளும் சாஃப்ட்வேர். இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர் என்று எதையாவது இறக்கும்போது, படிக்காமல் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டுவதில் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. விளம்பரம் காட்டுவது அதன் வெளித்தெரியும் வேலை. தெரியாமல் செய்வது வேறு.

அதைக் கண்ணால் பார்த்தோம். ஒரு பழைய லேப்டாப்பை ஃபார்மேட் செய்து, சுத்தமான குரோமில் என் லிங்கைத் தொட்டோம். கடைசிப் பக்கம் வரை என் ஐடி (யாருடைய லிங்க் என்று காட்டும் அடையாளம்) அப்படியே இருந்தது. அப்புறம், அப்படி ஒட்டிக்கொண்டு வந்த எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் போட்டுவிட்டு அதே லிங்கைத் தொட்டோம். பணம் கட்டும் பக்கம் வந்ததும் மூலையில் ஒரு சின்னப் பெட்டி: கூப்பன் தேடட்டுமா? சரி என்று தட்டியதும் பின்னால் ஒரு டேப் திறந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. கூப்பன் எதுவும் கிடைக்கவில்லை என்றது பெட்டி. எந்த டேப் எங்கே போய் வந்தாலும் குறித்து வைக்கும் குரோமின் நெட்வொர்க் லாகை முன்னாலேயே ஓடவிட்டிருந்தோம். அந்த டேப் அதே கடைக்கு வேறு யாருடைய ஐடியையோ எடுத்துக்கொண்டு போய் வந்திருந்தது. என் குக்கி (யார் லிங்கில் வந்தார் என்று பிரவுசர் வைத்திருக்கும் குறிப்பு) இருந்த இடத்தில் அவர்களுடையது. கடைசிக் கிளிக் யாருடையதோ அவருக்கே கமிஷன் என்பது இந்தத் தொழிலில் பெரும்பாலும் நடைமுறை. வாடிக்கையாளரைக் கைபிடித்துக் கடைவரை கூட்டி வந்தவள் நான். பில் போடும் இடத்தில் நின்றுகொண்டிருந்தவன் "இவங்க என் ஆளு" என்று சொல்லிக் காசு வாங்கிப் போகிறான்.

திரையில் கடிகாரம் தெரிகிற மாதிரி முழுவதையும் வீடியோ எடுத்தோம். அமெரிக்காவில் பென் எடல்மேன் என்ற ஆய்வாளர் 2000-களிலேயே இப்படித் திரைப்பதிவும் நெட்வொர்க் லாகும் சேர்த்து வைத்துத்தான் ஆட்வேர் கம்பெனிகளை அம்பலப்படுத்தினார். விஷயம் அவ்வளவு பழசு. 2002 டிசம்பரிலேயே கமிஷன் ஜங்ஷன் உள்ளிட்ட நெட்வொர்க்குகள் இந்த மாதிரி சாஃப்ட்வேர்களுக்கு நடத்தை விதி வெளியிட்டன. 2006-ல் ஜாங்கோ என்ற ஆட்வேர் கம்பெனி, அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் சமரசம் செய்துகொண்டு 30 லட்சம் டாலர் கட்டியது. பேபால் வாங்கிய, கூப்பன் தேடும் ஹனி எக்ஸ்டென்ஷன் மீது 2024 டிசம்பரில் இதே கமிஷன் பறிப்புக் குற்றச்சாட்டு எழுந்து பெரிய சர்ச்சையானது. 2025 மார்ச்சில் கூகுள் தன் குரோம் வெப் ஸ்டோர் விதியைத் திருத்தி, பயனருக்கு நேரடிப் பலன் எதுவும் தராமல் எக்ஸ்டென்ஷன்கள் அஃபிலியேட் லிங்கைச் செருகக் கூடாது என்றது. இந்த விதியை பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். கூப்பனே கிடைக்காதபோதும் ஐடியை மாற்றினால் இந்த விதி உடைகிறது என்பது ஒரே வரியில் சொல்லக்கூடிய வாதம்.

காலையில் முதல் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கு மேலே இருந்த ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தேன். காலை அமர்வுகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வருமான வரி பற்றிப் பேசிய ஆடிட்டர் மட்டும் தெளிவாகப் பேசினார். கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபர் முதல் 5 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்ததை அவர் சொல்லித்தான் அங்கே பலருக்குத் தெரிந்தது.

டீ இடைவேளையில் அந்த ஸ்பான்சர் கம்பெனிப் பையன் என்னிடம் வந்தான். மரியாதையாகத்தான் பேசினான். என் டெலிகிராம் குழுவில் அவர்கள் எக்ஸ்டென்ஷனைப் போடச் சொன்னால், ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசு தருவார்களாம். தொகையும் குறைவில்லை. என்னை நம்பிக் கேட்கிற பெண்களின் கம்ப்யூட்டரில், அவர்களுக்குத் தெரியாமல் வேலை செய்கிற ஒன்றை நானே வைக்க முடியாது என்று சொன்னேன். ஆட்வேர் இப்படித்தான் பரவுகிறது: இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று காசு, அதற்கு ஆசைப்பட்டு எதற்குள்ளாவது சொருகி அனுப்புகிறவர்கள்.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன். ஒரு வாடிக்கையாளர் வேறொருவர் லிங்க் வழியாக வந்திருந்தால் எக்ஸ்டென்ஷன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஸ்டாண்ட் டவுன் என்று நெட்வொர்க்குகள் விதி வைத்திருக்கின்றன. நம் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா, இருந்தால் யார் சோதிக்கிறார்கள்? இருக்கிறது என்றார் நெட்வொர்க் அதிகாரி, புகார் வந்தால் பார்ப்போம் என்றார். வீடியோ கையில் இருக்கிறது என்றேன். தனியாகப் பேசலாம் என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

திருப்பம் வந்தது சாப்பாட்டுக்கு அப்புறம். இளம்பிள்ளையிலிருந்து வந்திருந்த சேலைக் கடைக்காரர் ஒருவர், ஆன்லைனிலும் விற்கிறவர், வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ கேட்டது நியாயம். ஆனா அது உங்களுக்குள்ள இருக்கிற சண்டைதானே? நான் யாருக்குக் கமிஷன் குடுத்தா என்ன, எனக்கு ஒண்ணுதானே?"

"அண்ணா, உங்க ரிப்போர்ட்டக் கொஞ்சம் திறங்க. கிளிக் நேரமும் ஆர்டர் நேரமும் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி வைங்க."

லேப்டாப்பைத் திறந்தார். பெரும்பாலான லிங்க்குகளில் கிளிக்குக்கும் ஆர்டருக்கும் நடுவே அரை மணி, ஒரு மணி, சிலவற்றில் மறுநாள். கமிஷன் வாங்கும் பார்ட்னர்களில் ஒரே ஒருவரின், ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பெனியின், வரிசையில் மட்டும் 8 செகண்ட், 11 செகண்ட், 14 செகண்ட் என்று கீழே வரை போனது.

"8 செகண்ட்ல சேலையப் பாத்து, முந்தி பாத்து, கலர் மாத்தி, அட்ரஸ் அடிச்சு, ஓடிபி போட்டு... முடியுங்களாண்ணா?"

அவர் பேசவில்லை. அந்த 8 செகண்ட் ஆர்டரைத் திறந்து பெயரைப் பார்த்தார். "இது நம்ம ராசிபுரத்து அம்மா. வருசக்கணக்கா வாங்கறாங்க. வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினதே நான்தான்." விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார். "இவங்களுக்குமா கமிஷன் குடுத்திருக்கேன்?"

அதுதான் நடந்திருக்கிறது. என்னைப் போன்றவர்களிடம் பறிப்பது பாதி. யாருமே கூட்டி வராத, தானாகக் கடைக்கு வந்த பழைய வாடிக்கையாளர் மீதும் கடைசி நிமிடத்தில் ஐடியை ஒட்டி, கடைக்காரரிடமே காசு வாங்குவது மீதி.

அவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக நெட்வொர்க் அதிகாரியிடம் போனார், நானும் போனேன். நான் கேட்டபோது "பார்ப்போம்" என்றவர், பணம் கொடுக்கிறவர் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அந்தப் பார்ட்னரின் நிலுவைக் கமிஷனை நிறுத்தினார். எனக்கு அதில் வருத்தம் இருக்கிறது, ஆனாலும் இதைத்தான் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உங்களுக்குக் கமிஷன் தரும் கடைக்காரரைப் பிடியுங்கள், கிளிக் நேரம் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் எண்ணிக்கையைவிட அந்த இடைவெளி நிறையச் சொல்லும்.

என் புகாரை வீடியோ, லாக், கூகுள் விதி மூன்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக மெயில் வாங்கிக்கொண்டுதான் மலை இறங்கினேன். போன ஆர்டர்களுக்கான பணம் திரும்பவில்லை. நான் புகார் கொடுத்த எக்ஸ்டென்ஷன் நெட்வொர்க்கில் இன்னும் இருக்கிறது, விசாரிப்பதாக எழுதியிருக்கிறார்கள். இளம்பிள்ளை அண்ணா தன் கடைக்கு எக்ஸ்டென்ஷன் பார்ட்னர்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது ஒவ்வொரு வீடியோவுக்கும் தனி சப் ஐடி (லிங்கில் சேர்க்கும் துணை அடையாளம்) வைக்கிறேன், எதில் ஆர்டர் காணாமல் போகிறது என்று உடனே தெரிகிறது. சில கடைகளிடம் என் பெயரில் தனி கூப்பன் கோடு கேட்டு வாங்கியிருக்கிறேன், குக்கி போனாலும் கோடு நிற்கும் என்பதற்காக. அந்தக் கோடையும் எக்ஸ்டென்ஷன்கள் சுரண்டி எடுத்து எல்லாருக்கும் காட்டிவிடும் என்பதால் மாதா மாதம் மாற்றுகிறேன். வீடியோ பார்க்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: குரோமில் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, நீங்கள் போட்டதாக நினைவில்லாததை எடுத்துவிடுங்கள். போனில் செட்டிங்ஸுக்குள் போய், மற்ற ஆப்களுக்கு மேலே காட்ட எந்த ஆப்புக்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். டார்ச் லைட் ஆப்புக்கு அந்த அனுமதி எதற்கு?