ஒரே கூண்டு, இரண்டு வளைகோடுகள்

கிளாத்ரேட் எனும் கூண்டுப் படிகங்களில் வேலை தொடங்கியபோது என் மனத்தில் ஓர் எளிய படம்தான் இருந்தது. காலியமும் ஜெர்மானியமும் சேர்ந்து கட்டிய கூண்டு, உள்ளே ஒரு பேரியம் அணு. கூண்டு அதற்குக் கொஞ்சம் பெரிசு. அதனால் அணு உள்ளேயே ஆடி, வெப்பத்தைச் சுமந்து வரும் அதிர்வுகளைக் கெடுத்துவிடும். எலக்ட்ரான்கள் கூண்டின் சட்டம் வழியே போய்விடும். தூய ஜெர்மானியத்தின் வெப்பக் கடத்துதிறன் அறை வெப்பநிலையில் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 60 வாட். இந்தப் படிகத்துக்கு 1 வாட்டை ஒட்டித்தான் வரும். வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருளில் நாம் தேடுவது இதைத்தானே!

அந்தப் படத்தை அசைத்தவை இரண்டு படிகங்கள். ஒன்று உருகிய காலியத்தில் வளர்ந்தது, மற்றொன்று உருகிய வெள்ளீயத்தில். உலையிலிருந்து குவார்ட்ஸ் குழாயைச் சூடாகவே எடுத்துச் சுழற்றினால் திரவ உலோகம் பிரிந்துபோகும். பளபளக்கும் முகங்களோடு படிகங்கள் தங்கிவிடும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. எக்ஸ்-கதிரிலும் அப்படித்தான்: படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டமான அலகுக்கூட்டில் 54 அணுக்கள், 20 அணு கொண்ட சிறு கூண்டுகள் 2, 24 அணு கொண்ட பெரிய கூண்டுகள் 6. காலியத்தின் அணு எண் 31, ஜெர்மானியத்துடையது 32. பக்கத்து வீட்டுக்காரர்களை எக்ஸ்-கதிரால் எளிதில் பிரித்தறிய முடியாது.

பிறகு இரண்டையும் 2 கெல்வின் வரை குளிர்வித்து அளந்தேன். வெள்ளீயத்தில் வளர்ந்ததன் வெப்பக் கடத்துதிறன் குளிரக் குளிர ஏறி, 20 கெல்வினுக்கு அருகே உச்சம் தொட்டு இறங்கியது. நல்ல படிகம் அப்படித்தான் நடந்துகொள்ளும். காலியத்தில் வளர்ந்ததில் உச்சமே இல்லை. கண்ணாடியின் வளைகோடு போல இருந்தது. கம்பிகளை ஒட்டும் வெள்ளிப் பசையான சில்வர் பேஸ்ட் சரியாக ஒட்டவில்லை என்று நினைத்து, கம்பிகளைப் பிரித்து இரண்டு முறை மறுபடி ஒட்டினேன். அதே கோடுதான் வந்தது.

அப்புறம்தான் சீபெக் கெழுவை, அதாவது ஒரு டிகிரி வெப்பநிலை வித்தியாசத்துக்கு எவ்வளவு மின்னழுத்தம் எழுகிறது என்பதை அளந்தேன். மின்சாரத்தைச் சுமப்பது எலக்ட்ரான் என்றால் அது எதிர்க்குறியில் வரும். வெள்ளீயத்தில் வளர்ந்ததில் எதிர்க்குறி, காலியத்தில் வளர்ந்ததில் நேர்க்குறி. பிணைப்புக்கு ஜெர்மானியத்தைவிட ஓர் எலக்ட்ரான் குறைவாகத் தருவது காலியம்; அலகுக்கூட்டில் உள்ள 8 பேரியம் தரும் 16 எலக்ட்ரான்கள், 16 காலியத்தின் குறையைச் சரியாக நிரப்புகின்றன. காலியம் துளி கூடினாலே கணக்கு மாறும், எலக்ட்ரானுக்குப் பதில் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், மின்சாரத்தைச் சுமக்கும். கூண்டு அதேதான், பேரியமும் அதேதான், ஆனால் வெப்பம் போகும் விதம் வேறு. ஆடும் அணுவை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

மின்னூட்டங்களே அதிர்வுகளைச் சிதறடிக்கின்றன என்பது ஒரு விளக்கம். துளைகள் உள்ள படிகத்தில் பேரியம் பெரிய கூண்டின் நடுவிலிருந்து இன்னும் சற்று விலகி நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது தவறு என்றே எனக்குத் தோன்றுகிறது. கூண்டும் உள்ளே இருக்கும் விருந்தாளியான பேரியமும் சேர்ந்துதான் அதிர்கின்றன.

அந்த இரண்டு படிகங்களும் இன்னும் என் மேசைப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. லேபிள் உதிர்ந்தால், எது எது என்று மறுபடி சீபெக் அளந்துதான் சொல்ல வேண்டும்.