கலரைக் குறைத்ததும் பேய் வந்தது

கறுப்பு வெள்ளைப் பேய் பங்களா படங்கள் பிடிக்கும் என்று வெளியே சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். "அதுல பயப்பட என்ன இருக்கு?" என்பது ஒன்று. "ஐயோ, சின்ன வயசுல பார்த்தது, அந்தப் படிக்கட்டு இன்னும் கண்ணுலயே நிக்குது" என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொல்கிறவர்களைத்தான் ஆண்டவன் எனக்கு உறவாகக் கொடுத்திருக்கிறான்.

அதில் முதல் ஆள் அக்கா மகன். பேய்ப் படங்களில் கரை கண்டவன். திரையில் ரத்தம் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருக்கும், இவன் தட்டில் இருப்பதை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "மாமா, உங்க காலத்துப் பேய் எல்லாம் வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு பாட்டுப் பாடும், அவ்வளவுதானே?" என்பான். உங்க காலம் என்று அவன் சொல்வது 1949இலிருந்து 1964 வரை. நான் அப்போது பிறக்கவே இல்லை என்று சொல்லிப் பார்த்தாயிற்று. ஸ்மார்ட்போனுக்கு முந்தியதெல்லாம் அவனுக்கு ஒரே காலம்.

ஆனால் பாட்டுப் பாடும் பேயை அப்படிக் குறைத்துப் பேசுவது எனக்குப் பொறுக்காது. 1949இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தில் அந்தப் பாழடைந்த மாளிகையும், ஊஞ்சலில் மதுபாலாவும், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத லதா மங்கேஷ்கரின் குரலும் சேர்ந்து செய்கிற வேலையை எந்த ரத்தக்குடமும் செய்யாது. 1964இல் வந்த மலையாளப் படம் 'பார்கவி நிலையம்' இன்னும் ஒரு படி மேல். வைக்கம் முகம்மது பஷீர் எழுதியது. பேய் இருக்கிற வீட்டுக்குக் குடிவரும் எழுத்தாளர் அலறி ஓடமாட்டார், பேயிடம் பேச ஆரம்பித்துவிடுவார், அதுவும் அவ்வளவு பிரியமாக. மனிதர்களிடமே யாரும் அப்படிப் பேசுவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறையில் எல்லோரும் அக்கா வீட்டில் கூடியிருந்தபோது, இன்று ராத்திரி என் தேர்வு என்று அடம்பிடித்து ரிமோட்டை வாங்கினேன். எடுத்தவுடன் மெதுவாக நகரும் படத்தைப் போட்டால் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள், திரும்பி வரமாட்டார்கள். அதனால் 1959இல் வந்த 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்'. 75 நிமிடம்தான். படத்தில் நடிகர் வின்சென்ட் பிரைஸ் ஒரு பணக்காரர்; பேய் பங்களாவில் விருந்து வைக்கிறார்; ஐந்து பேரை அழைத்து, ராத்திரி முழுக்க உள்ளேயே தாக்குப்பிடித்தால் ஆளுக்குப் 10,000 டாலர் என்கிறார். வந்தவர்களுக்கு அன்பளிப்பு, குட்டிக் குட்டிச் சவப்பெட்டிக்குள் ஆளுக்கொரு கைத்துப்பாக்கி. நிலவறையில் திராவகத் தொட்டி வேறு.

படத்தைத் தேடும் பொறுப்பை அக்கா மகன் ஏற்றுக்கொண்டான். "மாமா, உங்க அதிர்ஷ்டம், கலர்லயே இருக்கு!" என்றான். பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து யாரோ கலர் பூசிய பிரதி அது. நான் வேண்டாம் என்பதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது, அம்மாவும் "கலரே இருக்கட்டும், கண்ணுக்கு நல்லது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அந்தக் கலரில் பேய் பங்களா ஃபர்னிச்சர் கடை விளம்பரம் மாதிரி இருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ரோஸ் பவுடர். இருட்டாக இருக்கவேண்டிய மூலையில் ஒரு திரைச்சீலை தெரிய, அம்மா அதன் துணி என்ன துணி என்று விசாரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கூரையில் தொங்கும் நூலாம்படையைப் பார்த்தாள். "இத்தனை பணம் வச்சிருக்கிறவன் விருந்துக்கு முன்னாடி ஒரு ஆளை விட்டு ஒட்டடை அடிச்சிருக்கக் கூடாதா?" அத்தானுக்கு வேறு கவலை. துப்பாக்கி கொடுப்பதும் கதவைப் பூட்டுவதும் சட்டப்படி எத்தனை குற்றம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

அம்மா சொன்னதில் ஒன்று மட்டும் என்னை அசர வைத்தது. "வெளியில பார்த்த வீடு வேற, உள்ள இருக்கிற வீடு வேற" என்றாள். அது அப்படியே உண்மை. வெளியில் காட்டுவது லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என்னிஸ் ஹவுஸ், ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1924இல் கட்டியது, பழங்கால மாயன் கோயிலை நினைவூட்டும் கான்கிரீட் கட்டைகளால் ஆனது. உள்ளே போனால் விக்டோரியா ராணி காலத்து மாடிப்படி, கேஸ் விளக்கு, ஸ்டுடியோ செட். கறுப்பு வெள்ளையில் நான் எத்தனையோ தடவை பார்த்தும் இது எனக்கு உறைத்ததே இல்லை. கலர் வந்ததும் அம்மாவுக்குப் பத்து நிமிடத்தில் உறைத்துவிட்டது. கலரில் இதுதான் தொல்லை. ஒவ்வொரு பொருளும் நான் இன்ன பொருள், இன்ன விலை, இங்கே இருக்கிறேன் என்று கையைத் தூக்குகிறது. கறுப்பு வெள்ளையில் பாதி வீடு இருட்டுக்குள் இருக்கும், அங்கே என்ன இருக்கிறது என்பதை நாமாகத்தான் போட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். நம் மண்டைக்குள் இருக்கும் சரக்குக்கு எந்தக் கிராஃபிக்ஸ் கம்பெனியும் ஈடு கொடுக்க முடியாது.

நான் புலம்புவதைப் பொறுக்க முடியாமல் அக்கா மகனே ஒரு வழி சொன்னான். டிவி செட்டிங்ஸில் போய் கலரைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடலாம். ஒவ்வொரு தடவை ரிமோட்டை அமுக்கும்போதும் வின்சென்ட் பிரைஸ் முகத்திலிருந்து ஒரு சுற்று ரோஸ் இறங்கியது. கடைசியில் சாம்பல் நிறத்துக்கு வந்து நின்றபோது மனிதர் சட்டென்று ஆபத்தானவராகத் தெரிந்தார், அதே புருவம், அதே சிரிப்பு. "பாட்டி, இப்ப மூலையில என்ன தெரியுது?" என்று கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. திரைச்சீலையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சரியாக அந்த நேரத்தில் நிலவறைக் காட்சி வந்தது. ஒரு பெண் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு தனியாக நிற்கிறாள். நமக்கு இந்தப் பக்கம் ஏதோ வரப்போகிறது என்று தோன்றும், அந்தப் பக்கம் திரும்பினால் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே ஒரு கிழவி, வெள்ளை விழிகளும் வளைந்த விரல்களுமாக. அலறல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கிழவி திரும்பிப் போவாள் பாருங்கள், நடக்கமாட்டாள். பாதம் அசையாமல் அப்படியே வழுக்கிக்கொண்டு போவாள். அந்த ஒரு நகர்வுக்கு இத்தனை வருஷம் கழித்தும் என் முதுகில் ஒரு குளிர் ஓடும்.

அக்கா மகன் போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து அக்கா "என்னடா உடைஞ்சுது?" என்று கேட்டாள். அத்தான், "டிராலில நிக்க வச்சு இழுக்கிறாங்கப்பா, இது தெரியலையா?" என்று விளக்கினார். விளக்கும்போது அவருடைய இரண்டு காலும் சோபாவுக்கு மேலே இருந்தன. அம்மா ஒருத்திதான் நிதானம் இழக்கவில்லை. "அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியலை போலிருக்கு, பாவம், வழி தெரியாம வந்திருக்கும்" என்றாள். கொஞ்ச நேரத்தில் படத்திலேயே அவள் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரரின் மனைவி, பார்வை கிடையாது என்று சொன்னார்கள். பேய்க்கே சலுகை கொடுக்கிற மனசு இருந்தால் கதை முன்கூட்டியே புரிந்துவிடும் போலிருக்கிறது.

படம் முடிந்ததும் அக்கா மகனின் கேள்வி, "தியேட்டர்ல பார்த்தவங்க நிஜமாவே பயந்தாங்களா?" இந்தக் கேள்விக்காகத்தானே நான் காத்திருந்தேன். இயக்குநர் வில்லியம் காசில் படம் எடுப்பதோடு நிற்கிற ஆள் இல்லை. 1958இல் வந்த தன் படத்துக்கு, பயத்தில் யாராவது செத்தால் 1,000 டாலர் என்று இன்ஷூரன்ஸ் எடுத்துக் கொடுத்தவர். இந்தப் படத்துக்கு 'எமெர்கோ' என்று ஒரு பெயர் வைத்து, திரையில் தொட்டியிலிருந்து எலும்புக்கூடு எழும் நேரத்தில் தியேட்டருக்குள்ளும் ஒரு எலும்புக்கூட்டைக் கம்பியில் கட்டிப் பார்வையாளர் தலைக்கு மேல் ஓடவிட்டார். பெரியவர்கள் பயந்தார்களோ என்னவோ, பையன்கள் அதைக் குறிபார்த்து அடிப்பதற்கென்றே கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வருஷம் '13 கோஸ்ட்ஸ்' படத்துக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்: சிவப்பு வழியாகப் பார்த்தால் பேய் தெரியும், நீலம் வழியாகப் பார்த்தால் மறைந்துவிடும். தைரியம் இல்லாதவர்களுக்கும் டிக்கெட் விற்ற மகானுபாவர்.

எமெர்கோ கதையைக் கேட்டதும் அப்பனுக்கும் மகனுக்கும் கை அரித்தது. துணி காயப்போடும் கொடி ஹாலுக்கு வெளியே வராந்தாவில் இருக்கிறது. அத்தானின் வெள்ளைச் சட்டையை ஹேங்கரில் மாட்டி, நூல் கட்டி, விளக்கை அணைத்து, அக்கா வரும்போது இழுத்துவிடுவது என்று திட்டம். அம்மா கூட்டு. நான் அதிகாரபூர்வமாக இதில் கலந்துகொள்ளவில்லை, நூலை மட்டும் பிடித்துக்கொண்டேன். அக்கா வந்தாள். சட்டை இருட்டில் தள்ளாடிக்கொண்டே அவளை நோக்கி வந்தது. அவள் நின்று, அதன் காலரைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லி, திருப்பிக் கொடியின் அந்தக் கோடிக்கே தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

இந்த உற்சாகம் ஆறுவதற்குள் மறுநாளே 'தி ஹாண்டிங்' போட்டேன். 1963. நான் உண்மையில் காட்ட நினைத்தது இதைத்தான். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே ராபர்ட் வைஸ் என்று சொன்னதும், "அப்ப குழந்தைங்க பாட்டெல்லாம் இருக்குமா?" என்று அம்மா ஆசையாக வந்து உட்கார்ந்தாள்.

பாட்டு இல்லை. பேயும் இல்லை. கடைசிவரை பேயைக் காட்டவே மாட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இடிக்கிற சத்தம், அது நடைவழியில் கதவு கதவாக நெருங்கி வருவது, பிறகு அமைதி. அப்புறம் ஒரு மூடிய மரக்கதவு மூச்சு இழுப்பதுபோல் உள்பக்கமாகப் புடைக்கும். அந்தப் பக்கம் ஒரு தடியான ஆள் நின்று தள்ளியதுதான் விஷயம் என்று எனக்குத் தெரியும், அதை அத்தானிடம் சொல்லவும் செய்தேன். முதல் நாள் டிராலியைக் கண்டுபிடித்தவர், "கொஞ்சம் சும்மா இருங்க மாப்ள" என்றார். இதே கதையை 1999இல் கலரில், கிராஃபிக்ஸில், வீடே வாயைத் திறப்பது போல எல்லாவற்றையும் காட்டி மறுபடி எடுத்தார்கள். எல்லாமே தெரிந்தது, பயம் மட்டும் வரவில்லை.

அந்தக் கைக் காட்சி வந்தது. இருட்டில் படுத்திருக்கும் கதாநாயகி எலினார், பக்கத்தில் இருக்கும் தோழியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். ஏதோ குரல் முணுமுணுக்கிறது. பிடி இறுகுகிறது, வலிக்கிறது. கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தோழி அறையின் மறுகோடியில் படுத்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் யாருடைய கை?

அக்கா மகன் படத்தை நிறுத்தினான். விளக்கைப் போட்டான். "எல்லாரும் ரெண்டு கையையும் தூக்குங்க" என்றான். தூக்கினோம். எண்ணினான். அம்மா ஒரு கையைத்தான் தூக்கியிருந்தாள், இன்னொன்று போர்வைக்குள் இருந்தது. "பாட்டி, இன்னொரு கை!" என்று அவன் போட்ட அதட்டலில் அதுவும் வெளியே வந்தது. திரும்பவும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படத்தை ஓடவிட்டான்.

இனிமேல் பேய்ப் படம் என்றால் பகலில்தான், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துத்தான் என்று குடும்பம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது. நானும் உடனே சம்மதித்துவிட்டேன். அடுத்து 1961இல் வந்த 'தி இன்னொசென்ட்ஸ்'. அதில் ஒரு பேய் நல்ல வெயிலில் கோபுரத்து உச்சியில் வந்து நிற்கும், இன்னொன்று பட்டப்பகலில் ஏரிக்கரை நாணலுக்குள் நிற்கும். இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.