முதலில் நிற்கட்டும், பிறகு ஏறட்டும்: ஒரு பழைய ஜீப்பும் ஐந்து இலட்சம் ரூபாயும்

இரண்டு வருடங்களுக்கு முன்னர் 4டிஆர்5 ஜீப் ஒன்றை வாங்கியபோது, வண்டியின் விலை போக என் கையில் எஞ்சியிருந்தது ஐந்து இலட்சம் ரூபாய். மலைநாட்டுத் தோட்டப் பாதைகளிலும் மன்னார்ப் பக்கத்து மணலிலும் அச்சமின்றிப் போய்வரக்கூடிய வண்டியாக அதை ஆக்குவதற்கு அந்தத் தொகை மட்டுமே இருந்தது. இன்று அந்த ஜீப் எங்கே கொண்டுபோனாலும் திரும்பி வருகிறது. பணத்தை எந்த வரிசையில் செலவழித்தேன் என்பதே அதற்குக் காரணம் என்று நம்புவதால், அந்த வரிசையை இங்கே எழுதி வைக்கிறேன்.

வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தோடு மிட்சுபிஷி 1953 இல் ஜப்பானில் தயாரிக்கத் தொடங்கிய ஜீப் வரிசை 1998 வரை நீடித்தது. அந்த வரிசையின் சில வண்டிகளில் பொருத்தப்பட்ட நான்கு சிலிண்டர், 2659 கன சென்றிமீற்றர் டீசல் இயந்திரத்தின் பெயர்தான் 4டிஆர்5. நம் நாட்டில் இயந்திரத்தின் பெயரே வண்டிக்கும் பெயராகிவிட்டது. முன்னும் பின்னும் ஒற்றை இரும்பு அச்சு, பட்டை ஸ்பிரிங், டீசலை இயந்திர முறையிலேயே தெளிக்கும் பம்ப் என்று எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் கழற்றக்கூடியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலை எப்படி ஏறியது என்பதைக் கொழும்பில் எல்லோரும் கண்டோம். அப்படியிருந்தும் நான் இதையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பஞ்சிகாவத்தையில் ஒரு காலைப்பொழுது நடந்தால் இதற்கான உதிரிப்பாகங்களில் பெரும்பாலானவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம் என்பதுதான்.

வாங்குவதற்கு முன் ஏழு ஜீப்களைப் பார்த்தேன். அவற்றுள் மிக அழகாகப் பெயின்ட் பூசப்பட்டிருந்தது கடற்கரையில் படகு இழுத்த வண்டி. சேசியின் பின்பகுதியில், ஸ்பிரிங் கொளுவும் இடத்துக்கு அருகே சிறிய சுத்தியலால் தட்டியபோது மணி போல ஒலிக்க வேண்டிய இரும்பு மட்டையைத் தட்டியது போல ஒலித்தது. ஸ்குரூ டிரைவரின் முனை அழுத்திய இடத்தில் உள்ளே இறங்கியது. இயந்திரத்தைப் பிரித்துச் செய்யலாம், கியர்ப் பெட்டியை மாற்றலாம், ஆனால் உப்புத் தின்ற சேசியைச் சிறிய பணத்தில் மீட்க முடியாது. நான் வாங்கிய வண்டியின் இருக்கைகள் கிழிந்திருந்தன, கதவுகள் சரியாக மூடவில்லை, ஆனால் சேசி உலர்ந்து உறுதியாக இருந்தது. சேசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொண்டேன். இயந்திரம் மாற்றிய வண்டியில் அந்த மாற்றம் பதியப்படாமல் இருந்தால், பிறகு அலைவதற்குச் செலவாகும் நாட்களையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தெமட்டகொடையில் முப்பது வருடத்துக்கு மேலாக ஜீப் மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக் நானாவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், முன்னால் புதைந்த வண்டியைக் கம்பியால் இழுக்கும் ஒரு வின்ச் என்று என் மனத்தில் இருந்த வண்டியை அவரிடம் விவரித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியை ஒழுங்கைக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வந்து, "தம்பி, மொதல்ல நிக்கிறதப் பாருங்க. ஏறுறத பிறகு பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என் ஐந்து இலட்சத்தைக் காப்பாற்றியது.

நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர்கள் இரண்டு கசிந்துகொண்டிருந்தன. ஒரு டிரம்முக்குள் ஒயில் சீல் விட்டுப்போய் பிரேக் லைனிங் முழுவதும் ஒயில் ஊறியிருந்தது. சிலிண்டர்கள், லைனிங், சீல்கள், துருப்பிடித்த பிரேக் குழாய்கள், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர்கள் எல்லாவற்றையும் புதிதாக்க எண்பத்தைந்தாயிரம் ரூபாய் போனது. வெளியே பார்ப்பவருக்கு வண்டியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் செங்குத்தான கல்பாதையில் இறங்கும்போது, லோ கியரில் இயந்திரம் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியை இன்னும் சற்று நிதானமாக நிறுத்த முடியுமா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அடுத்தது ஸ்டியரிங். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் முன் சக்கரங்கள் நடுங்கின. பலர் ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகாணியை இறுக்கி அதைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். தேய்மானம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே, ராட் முனைகளிலும் கிங்பின் பெயரிங்குகளிலும் ஸ்பிரிங் புஷ்களிலும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டுப் பெட்டியை இறுக்கினால் உள்ளேயிருக்கும் பற்களும் சேர்ந்து தேயும். நாங்கள் வெளியிலிருந்து உள்ளே வந்தோம். புஷ்களை மாற்றியதும் நடுக்கம் பாதி குறைந்தது, கிங்பின் பெயரிங்குகளை மாற்றியதும் முழுவதும் நின்றது, பெட்டியைத் தொடவே இல்லை.

பழைய ஜீப் வாங்கும் எவரும் ஒரு சிறு சோதனையைச் செய்துபார்க்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கில் தூக்கி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நான்கு சக்கரங்களையும் இழுக்கவைக்கும் ஃபோர்வீல் லீவரைப் போட்டு, சக்கரத்தை அச்சுத் தண்டோடு இணைக்கும் முன் சக்கர ஹப்புகளை லொக் நிலைக்குத் திருப்பி, சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுபக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். என் வண்டியில் வலப்பக்க ஹப் வெளியே திரும்பியது, உள்ளே பிடிக்கவில்லை. டிஃப் (டிஃபரன்ஷியல்) என்பது எந்தச் சக்கரத்துக்குப் பிடி குறைவோ அதற்கே சுழற்சியை விட்டுக்கொடுக்கும் அமைப்பாகையால், ஒரு பக்க ஹப் பிடிக்காவிட்டால் மறுபக்கமும் இழுக்காது. முன் அச்சு முழுவதும் வீண். பல வருடங்களாக அந்த ஜீப் ஃபோர்வீல் என்ற பெயரோடு இரண்டு சக்கரத்தால் ஓடியிருக்கிறது. கழற்றி, பெற்றோலில் கழுவி, புதிய கிறீஸ் வைத்ததோடு வேலை முடிந்தது. செலவு ஆயிரம் ரூபாய்க்குள். இந்த வகை ஃபோர்வீலை உலர்ந்த தார் வீதியில் போட்டு ஓட்டக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓடுகின்றன. அந்த வேறுபாடு வழுக்கித் தீர மண்ணோ மணலோ வேண்டும், தாரில் அது முறுக்காக மாறிக் கியர்ப் பெட்டியை வதைக்கும்.

இயந்திரத்தை நாங்கள் பிரிக்கவில்லை. காலைக் குளிரில் வெள்ளைப் புகை சில விநாடிகளில் அடங்கியது, நீலப் புகை இல்லை. அது போதும் என்றார் நானா. பம்பைத் திருகி டீசலைக் கூட்டினால் இழுவை கூடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் வருவது கரும்புகையும் சூடும்தான். வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. அந்தப் பணத்தைக் குளிரூட்டலுக்குத் திருப்பினோம். லோ கியரில் நடைவேகத்தில் மலையேறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, விசிறி இழுப்பதுதான் காற்று. என் ஜீப்பில் விசிறியைச் சுற்றியிருக்க வேண்டிய தகரக் கூட்டை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருந்தார்கள். கூடு இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் நடுவிலுள்ள வட்டத்தினூடாக மட்டுமே காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். டிங்கரிங் செய்பவர் ஒருவர் அளவெடுத்துத் தகரத்தில் கூடு செய்து தந்தார். ரேடியேட்டருக்குப் புதிய கோர், புதிய ஹோஸ்கள், தேர்மோஸ்டாட் ஆகியவற்றோடு ஐம்பத்தைந்தாயிரம் ஆனது.

இவ்வளவுக்குப் பிறகுதான் ஸ்பிரிங்கிடம் வந்தோம். வண்டியை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும் என்று வந்தவன், அதை உயர்த்தாமலே விட்டேன். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது உடல்தான். கல்லில் முதலில் இடிக்கும் டிஃப் கூடு அச்சோடு சேர்ந்து அதே உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் டயரின் உயரம் கூடியதில் பாதியளவே. ஸ்பிரிங்கைச் சேசியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டுச் சுலபமாக உயர்த்துபவர்கள் முன் அச்சின் சாய்கோணத்தையும் சேர்த்தே மாற்றிவிடுகிறார்கள். பிறகு வண்டி நேராக ஓடாது. நாங்கள் செய்தது, பட்டைகள் ஒவ்வொன்றையும் பிரித்து, துருவைச் சுரண்டி, இரண்டு பட்டைகளை மாற்றி, தளர்ந்தவற்றைக் கொல்லரிடம் கொடுத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, இடையே கிராஃபைட் கிறீஸ் பூசிக் கட்டியதுதான். துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகக் கிடந்த பட்டைகள் வழுக்கி வளையத் தொடங்கியதும், ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மற்றது கீழே இறங்கித் தரையைத் தொட்டது. தரையைத் தொடும் சக்கரம்தான் இழுக்கும். இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிச் சுழற்றும் விலையுயர்ந்த லொக்கர் வாங்க முடியாத என் போன்றவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள நாற்பதாயிரம் ரூபாய் வேலை வேறில்லை.

டயருக்கு ஓர் இலட்சத்து அறுபதாயிரம் செலவானது. ஐந்தும் பாவித்தவை, ஆனால் உற்பத்தி செய்யப்பட்ட வாரமும் வருடமும் பக்கச்சுவரில் நான்கு இலக்கமாக அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தவை. பூ ஆழமாக இருந்தும் பக்கச்சுவர் வெடித்த டயர்களை நிராகரித்தேன். பழைய டயர்கள் சுமார் 29 அங்குல உயரம், இவை 31. அதனால் டிஃப் ஓர் அங்குலம் உயர்ந்தது. கியர் விகிதம் ஏறத்தாழ 7 வீதம் பாரமாகிவிட்டது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 64 இல் ஓடுகிறது. 33 அங்குலம் போட்டிருந்தால் அந்தப் பாரத்தை இயந்திரமும் அச்சுகளும் பிரேக்குகளும்தான் சுமந்திருக்கும். வீதியில் 30 இறாத்தல் காற்றோடு ஓடும் டயரை மணலில் 18 இறாத்தலுக்கு இறக்கினால் அது நீளமாகப் படிந்து மிதந்து போகும். மன்னாரில் முதல் தடவை புதைந்தபோது அரை மணி நேரம் மண்வெட்டியால் தோண்டியதை, காற்றை இறக்கியபின் ஒரே நிமிடத்தில் கடந்தேன். காற்றுமானியும் சிறிய கொம்பிரசரும் வின்சுக்கு முன்பாக வாங்க வேண்டியவை.

மீட்புக் கருவிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகப் பேச விரும்புகிறேன். வண்டி என்னிடம் வந்தபோது முன் பம்பரில் ஓர் இழுவைக் கொக்கி இருந்தது; முன்பு யாரோ மெல்லிய தகட்டில் ஒட்டு வைத்திருந்தார்கள். முதல் இழுவையிலேயே அது பிய்ந்து, நல்ல வேளையாக எவரும் நிற்காத பக்கம் பறந்தது. ட்ரெய்லர் கொளுவும் உருண்டையில் கயிற்றைப் போட்டு இழுப்பதும் இதே ஆபத்துத்தான். இழுவிசையில் உடைந்த உருண்டை பீரங்கிக் குண்டைப் போலப் பறக்கும். இப்போது சேசியின் இரு பக்கமும் தடித்த தகட்டோடு போல்ட் வைத்துப் பொருத்திய கொளுவிகள், கயிற்றைக் கொளுவுவதற்குச் சுமையளவு பொறிக்கப்பட்ட 4.75 தொன் ஷேக்கிள் வளையங்கள், நீளும் தன்மையுள்ள ஒரு கயிறு, கையால் இயக்கும் பழைய கம்பி வின்ச் ஒன்று. கயிற்றின் நடுவே நனைந்த சாக்கொன்றைப் போட்டு, எல்லோரையும் தூர நிறுத்திய பிறகே இழுக்கிறோம்.

எஞ்சிய சிறு பணத்தில் டிஃப்களின் மூச்சுக்குழாய்களை நீட்டினேன். ஓடிச் சூடான டிஃப் ஆற்றுக்குள் இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ரப்பர்க் குழாயை அங்கிருந்து இயந்திர அறையின் உச்சிவரை கொண்டுபோய்க் கட்டினால் அது காற்றை மட்டும் உறிஞ்சும்.

சென்ற மாதம் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு அவிசாவளை, இரத்தினபுரி, பெலிஹுல்ஓயா வழியாகக் களுபஹனவுக்குப் போய், 263 மீற்றர் உயரப் பம்பரகந்த நீர்வீழ்ச்சியைத் தாண்டி, உடவேரியாத் தோட்டத்தினூடாக ஒஹியாவுக்கு ஏறினோம். அப்பா பிறந்த லயம் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தது. நோயாளிகளைத் துரையின் ஜீப்பில் வைத்து இறக்கிய காலத்தைப் பார்த்தவர். ஊசி வளைவுகளில் அவர் முன் கம்பியைப் பிடித்தபடி, "மெதுவா போப்பா, இந்த மாதிரி முடுக்குலதான் தண்ணி வழியும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொன்ன இடத்தில் தண்ணீர் வழிந்தது, கல் பாசி பிடித்திருந்தது. லோ கியர் இரண்டில், அக்சிலரேட்டரை ஏறக்குறைய தொடாமலே வண்டி ஏறியது. வெப்பமானி பாதியைத் தாண்டவில்லை. எதிரே கொழுந்து ஏற்றிய டிராக்டர் வந்தபோது ஈரச் சரிவில் நூறு மீற்றர் பின்னோக்கி இறங்கி வழிவிட வேண்டியிருந்தது. அந்த எண்பத்தைந்தாயிரம் ரூபாய் எனக்கு அப்போது கண்முன்னே தெரிந்தது.

வீடு திரும்பிய மறுநாள் இரண்டு டிஃப்களின் வடிகால் ஆணியையும் திறந்து பார்த்தேன். முன்னாலிருந்து வந்த ஒயில் தெளிவாக இருந்தது. பின்னாலிருந்து வந்தது இலேசாகப் பால் கலந்த தேநீர் நிறம். தேடியபோது, மூச்சுக்குழாய் சேசியில் உரசி ஓர் இடத்தில் வெடித்திருந்தது. சனிக்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போய் இன்னும் தடித்த குழாய் இரண்டு மீற்றரும் நான்கு கிளிப்புகளும் வாங்க வேண்டும்.