சேமித்த பிறகு எங்கே அனுப்புவது?

தையும் மாசியும் வன்னியில் காலபோக அறுவடைக் காலம். பரந்தன், இரணைமடுப் பக்கத்து வயல்களில் இருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் நெல் மூடைகள் வந்து இறங்கும். நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்த கொள்வனவு நிலையத்தில், தராசுக்குப் பக்கத்து மேசையில் ஓர் அக்கா இருப்பார். விவசாயியின் பெயர், மூடைக் கணக்கு, நிறை, ஈரப்பதம் எல்லாவற்றையும் படிவத்தில் அடித்து, 'சேமி' பட்டனை அழுத்துவார். அதற்குப் பிறகு பிரவுசர் எங்கே போகவேண்டும் என்பது சின்னக் கேள்வியாகத் தெரியும். எங்கள் வேலையில் அதிகம் விவாதித்தது அதைப் பற்றித்தான்.

அங்கே முன்பிருந்த மென்பொருள், படிவம் போய்ச் சேர்ந்த அதே பதிலிலேயே 'பதிவானது' என்ற பக்கத்தைக் காட்டியது. கோபுரச் சிக்னல் குறைந்து பக்கம் பாதியில் நின்றால் யாரும் ரிப்ரெஷ் செய்வார்கள். தகவலைத் திரும்ப அனுப்பவா என்று பிரவுசர் கேட்கும். வெளியே வரிசை நிற்கும்போது அதை யார் வாசிப்பது? ஓம் என்று அழுத்தினால் அதே விவசாயிக்கு, அதே நிறைக்கு, இரண்டாவது பற்றுச்சீட்டு. பின்னேரம் காசுப் புத்தகத்தோடு கணக்கு இடிக்கும்போது மென்பொருளை யாரும் கேள்வி கேட்பதில்லை, அக்காவைத்தான் கேட்பார்கள். எனக்கு இதில் இருக்கும் அக்கறை அங்கிருந்துதான் வருகிறது.

முதல் வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்தது. சேமித்ததும் பக்கத்தைக் காட்டாமல், 'இந்த முகவரிக்குப் போ' என்று பிரவுசருக்குச் சொல்லும் 303 என்ற பதில் எண்ணை அனுப்புவது. இதைத்தான் ரீடைரக்ட் என்கிறோம். பிரவுசர் அந்த முகவரியைச் சாதாரண கெட் கோரிக்கையாக, அதாவது வாசிக்க மட்டும் கேட்பதாக, எடுக்கும். பிறகு எத்தனை தரம் ரிப்ரெஷ் செய்தாலும் வாசிப்பு மட்டும்தான் நடக்கும். பலர் இன்னும் 302 என்ற பழைய எண்ணைப் போடுகிறார்கள், அதுவும் ஓடும். பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் முறைதான் எச்டிடிபி. 1996 இல் வந்த அதன் 1.0 விதிப்படி, 302 வந்தால் போஸ்டை, அதாவது தகவலைக் கொண்டுபோகும் கோரிக்கையை, கெட்டாக மாற்றக்கூடாது. ஆனால் பிரவுசர்கள் அப்போதே மாற்றிக்கொண்டிருந்தன. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997 இல் 303 வந்தது, 1999 திருத்தத்தில் போஸ்டைப் போஸ்டாகவே வைத்திருக்கும் 307 வந்தது. தெளிவான எண் இருக்கும்போது அதையே எழுதுங்கள் என்றுதான் எங்களோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இதற்கு விலை உண்டு. ஒரு சேமிப்புக்குச் சேர்வருக்கு ஒரு தரத்துக்குப் பதிலாக இரண்டு தரம் போய்வரவேண்டும். கொழும்பில் இருந்து சோதித்தால் தெரியாது. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரமாக வைத்த ரவுட்டரில் நன்றாகவே தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் பதிவு ஏறியிருக்கும், திரையிலோ 'இணையம் இல்லை' என்று நிற்கும். 303 பிரவுசருக்கு வந்து சேர்ந்திருந்தால் ரிப்ரெஷ் செய்வதில் பயமில்லை. அந்தப் பதிலே வழியில் தொலைந்திருந்தால் ரிப்ரெஷ் மறுபடியும் போஸ்டைத்தான் அனுப்பும். ரீடைரக்ட் போட்டுவிட்டோம், இரட்டைப் பதிவு வராது என்று நம்புகிறவர்கள் கவனிக்காத இடம் இது. பட்டனை இரண்டு தரம் அழுத்தினாலும் இதே கதைதான்.

ஆகவே படிவத்தைத் திறக்கும்போதே அதற்குள் ஒரு மறைவான தனி இலக்கத்தை வைத்தோம். தரவுத்தளத்தில் அந்த இலக்கத்தை வைக்கும் நிரலில் ஒரே இலக்கம் இருமுறை வரமுடியாத கட்டுப்பாடு. இரண்டாவது முறை அதே இலக்கம் வந்தால் பிழை காட்டாமல், முதலில் உருவான பற்றுச்சீட்டுக்கே அனுப்பிவிடும். இதை எழுதாமல் ரீடைரக்டை மட்டும் நம்பி ஒரு காசுப் படிவத்தை வெளியே விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கே அனுப்புவது என்பதில்தான் இழுபறி. பற்றுச்சீட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது ஒழுங்கு. ஆனால் அக்காவுக்கு அடுத்த ஆள் காத்து நிற்கிறார், வெறும் படிவம் வேண்டும். கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, எனக்கு ஏறிச்சுதா இல்லையா எண்டு தெரியவேணும். மிச்சத்தை நான் பாப்பன்." வெறும் படிவத்துக்கு அனுப்பி, மேலே 'சேமிக்கப்பட்டது' என்று ஒருமுறை மட்டும் தோன்றும் செய்தி போட்டோம். அது செஷனில், அதாவது ஒருவரின் எல்லா டாப்புக்கும் பொதுவாகச் சேர்வர் வைத்திருக்கும் தற்காலிக நினைவில், இருப்பது. அவர் இரண்டு டாப் திறந்து வைத்திருந்தால் செய்தி மற்ற டாப்பில் போய் விழும். ரிப்ரெஷ் செய்தால் மறையும். அவர் கேட்டதற்கு அது பதிலே இல்லை. இப்போது பற்றுச்சீட்டு இலக்கத்தை முகவரியிலேயே சேர்த்து அனுப்புகிறோம். படிவத்துக்கு மேலே கடைசி விவசாயியின் பெயரும் நிறையும் தரவுத்தளத்தில் இருந்து வாசித்து நிற்கும். ஒரு வினவல் கூடுதல், இலக்கத்தை மாற்றி மற்றவர் பதிவைப் பார்க்காதபடி அனுமதிச் சோதனையும் வேண்டும். பரவாயில்லை.

பிழையான படிவத்துக்கு நாங்கள் ரீடைரக்ட் செய்வதில்லை. நெல் சந்தைப்படுத்தல் சபையின் 14 வீத ஈரப்பத அளவைத்தான் நாங்களும் வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் அடித்ததெல்லாம் அப்படியே இருக்க, 'தகவலை ஏற்கமுடியாது' என்று சொல்லும் 422 எண்ணுடன் படிவம் அங்கேயே திரும்ப வரும். அறிவியல்நகரில் பொறியியல் படித்துவிட்டு வந்த தம்பி ஒருவர், பிழைக்கும் ரீடைரக்டே செய்வோம், எல்லாவற்றுக்கும் ஒரே வழி இருக்கட்டும் என்று வாதாடினார். அப்படிச் செய்தால் அடித்த தகவலையெல்லாம் செஷனில் தூக்கிக்கொண்டு திரியவேண்டும். எதுவுமே சேமிக்கப்படாத இடத்தில் ரிப்ரெஷ் செய்தால் அதே பிழைதான் திரும்ப வரும், நட்டமில்லை.

மிஞ்சியது பின்செல்லும் பட்டன். நிறையைப் பிழையாக அடித்துச் சேமித்தவர், பின்னுக்குப் போய்த் திருத்தி மறுபடி சேமித்தால் பழைய தனி இலக்கமே வரும். சேர்வர் அதைப் பழைய பதிவென்று எடுத்தால் திருத்தம் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். ஆகவே இலக்கம் ஒன்றாக இருந்து விவரம் மாறியிருந்தால், பழைய நிறையையும் புதிய நிறையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, இது திருத்தமா புதுப் பதிவா என்று கேட்கிறோம். அந்த ஒரு திரையில் மட்டும் வேகத்தை விட்டுக்கொடுத்தோம்.