செவ்வாய்க்குப் போவோமா?

போவோம்னுதான் தோணுது. ஆனா ராக்கெட்டை விட நம்ம உடம்பை நினைச்சாத்தான் கவலை. வலேரி பொல்யகோவ்னு ஒரு ரஷ்ய டாக்டர். மீர்ங்கிற விண்வெளி நிலையத்துல ஒரே மூச்சா 437 நாள் இருந்துட்டு 1995 மார்ச்சுல இறங்கினாரு. எடையில்லாம மிதந்தே இருந்து உடம்பு தளர்ந்து வர்றவங்களைத் தூக்கிட்டுப் போறதுதான் வழக்கம். மனுஷன் விண்கலத்துலேர்ந்து பக்கத்துல போட்டிருந்த நாற்காலி வரைக்கும் தானே நடந்து போய் உக்காந்தாரு. பின்ன, செவ்வாயில தூக்கிவிட யாரு இருப்பா?

போக மட்டுமே ஏழெட்டு மாசம். கிளம்பத் தோதான நேரம் 26 மாசத்துக்கு ஒருதடவைதான். செவ்வாய் ரொம்பத் தள்ளி இருக்கிற சமயத்துல "சாப்டியா"ன்னு கேட்டா, கேள்வி போய்ச்சேரவே 20 நிமிஷத்துக்கு மேல ஆகும். (எங்கம்மா அதுக்குள்ள நாலு தடவை கேட்டிருப்பாங்க.)

இன்னும் பத்தே வருஷம்னு அடிச்சு விடுறவங்களைத்தான் நம்ப முடியல. 1972 டிசம்பருக்கு அப்புறம் நிலாவுலயே ஒருத்தரும் கால் வைக்கல.