ஹெக்ஸ் மட்டும் தெரிஞ்ச சால்வருக்கு டெட், வெட்ஜ், பிரமிட் சேர்த்த கதை

தரமணியில சின்ன டீம் நாங்க, சொந்தமா எழுதுன ஃபைனைட் எலிமென்ட் சால்வர் ஒண்ணு வச்சிருக்கோம், அதாவது ஒரு பாகத்தை எலிமென்ட்ங்கற சின்னச் சின்ன துண்டா பிரிச்சு, லோடு குடுத்தா எவ்ளோ வளையும், உள்ள எவ்ளோ ஸ்ட்ரெஸ் வரும்னு கணக்கு போடற புரோகிராம். ரொம்ப வருஷமா அது 8 நோடு ஹெக்ஸ், அதாவது எட்டு மூலையிலயும் நோடுங்கற புள்ளி இருக்கற பெட்டி வடிவ எலிமென்ட் மட்டும்தான் எடுத்துக்கும். அம்பத்தூர்ல இருந்து ஒரு பம்ப் கேசிங் மாடல் வந்துச்சு, வளைவும் ரிப்பும் போல்ட் ஓட்டையுமா, அதை முழுக்க ஹெக்ஸ்ல மெஷ் பண்றதெல்லாம் (துண்டு துண்டா பிரிக்கறதெல்லாம்) ஆகற காரியமே இல்ல, டெட்னா, அதாவது நாலு முக்கோண முகம் உள்ள நான்முகின்னா, மெஷர் சாஃப்ட்வேர் தானா போட்டு குடுத்துடும். சரி டெட், வெட்ஜ் (முக்கோணப் பட்டகம்), பிரமிட்னு எல்லா ஷேப்பையும் சேர்த்துடுவோம்னு இறங்கிட்டோம்.

ஹெக்ஸோட நோடுகளை ஒண்ணு மேல ஒண்ணு மடிச்சு டெட்டா ஓட்டற பழைய வித்தை இருக்கு. டீம்ல மூத்தவர் "அதுவே போதும்பா, எதுக்கு கோடை நோண்டுற"ன்னாரு. ஆனா 4 நோடு டெட்ல ஸ்ட்ரெய்ன் (திரிபு) எலிமென்ட் முழுக்க ஒரே மதிப்பு, பெண்டிங் வந்தா விறைச்சுகிட்டு நிக்கும் அண்ணே, விளிம்பு நடுவுலயும் நோடு இருக்கற 10 நோடு டெட் கண்டிப்பா வேணும், அது 8 நோடை மடிச்சு வராதுன்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாரு.

நோடு மதிப்புகளை வச்சு எலிமென்ட்டுக்கு உள்ள மதிப்பு கண்டுபிடிக்கற ஷேப் ஃபங்ஷன் எழுதறது பெருசா ஒண்ணுமில்ல, டெக்ஸ்ட்புக்ல இருக்கு. உண்மையான தலைவலி கோடு பூரா ஒளிஞ்சிருந்த 8ங்கற நம்பர். ஸ்ட்ரெஸ் அர்ரேல எலிமென்ட்டுக்கு 8 காஸ் பாயின்ட் (உள்ள கணக்கு எடுக்கற புள்ளி), பிரஷர் லோடுல 6 முகம், முகத்துக்கு 4 நோடு. வெட்ஜுக்கு 2 முக்கோண முகம், 3 நாற்கர முகம், பிரமிடுக்கு அடியில ஒரு நாற்கரம், சுத்தி 4 முக்கோணம், அதாவது ஒரே எலிமென்ட்லயே ரெண்டு வகை முகம். அங்கங்க இஃப் எல்ஸ் போட்டா நாசமா போயிடும்னு, ஒவ்வொரு ஷேப்புக்கும் நோடு எண்ணிக்கை, முகங்கள், காஸ் பாயின்ட், அதோட வெயிட் (அந்தப் புள்ளி மதிப்பை கூட்டும்போது பெருக்கற எண்) எல்லாம் ஒரு டேபிள்ல வச்சு, லூப் அந்த டேபிளை மட்டும் கேக்கற மாதிரி மாத்துனோம். வேலையில பாதி இதுதான்.

வெயிட் சரியான்னு பாக்க சுலபமான செக் ஒண்ணு இருக்கு, கூட்டினா ரெஃபரன்ஸ் எலிமென்ட்டோட (கணக்குக்கு அடிப்படையா வச்ச சீரான எலிமென்ட்டோட) கனஅளவு வரணும். எங்க ஆய அமைப்புல ஹெக்ஸ் 8, டெட் 1/6, வெட்ஜ் 1, பிரமிட் 4/3.

பிரமிட் தனி ரகம். ஹெக்ஸ் பகுதியும் டெட் பகுதியும் சேர்ற இடத்துல அது இல்லாம ஆகாது, ஆனா அதோட ஷேப் ஃபங்ஷன்ல பகுதியில 1−ζ இருக்கு (ζ உயரத் திசை ஆயம், உச்சியில 1), உச்சியில பூஜ்யத்தை பூஜ்யத்தால வகுக்கற நிலைமை. காஸ் பாயின்ட் உச்சியில விழாததால ஸ்டிஃப்னெஸ் (விறைப்பு) கணக்குக்கு பிரச்சனை வராது, நோடுல ஸ்ட்ரெஸ் நேரடியா கணக்கு போட்டா மட்டும் NaN, அதாவது 'எண்ணே இல்ல'ன்னு துப்பும். அதனால காஸ் பாயின்ட்ல எடுத்து நோடுக்கு நீட்டிக்கற வழிதான்.

அப்புறம் நோடு வரிசை. மெஷ் போடற ஜிமெஷ் குடுக்கற 10 நோடு டெட்லயும் ரிசல்ட்டை படமா காட்டற விடிகே எதிர்பாக்கற 10 நோடு டெட்லயும் கடைசி ரெண்டு நோடு இடம் மாறி இருக்கும், மூலை நோடெல்லாம் ஒத்துப்போறதால சட்டுன்னு கண்ணுல படாது. ரீடர்லயும் ரைட்டர்லயும் ஷேப்புக்கு ஒரு மாத்து அட்டவணை வச்சாச்சு.

6 நோடு முக்கோண முகத்துல சீரான பிரஷர் குடுத்தா மூலை மூணுலயும் ஃபோர்ஸ் பூஜ்யம், நடு நோடு மூணுக்கும் மூணுல ஒரு பங்கு. புதுசா சேர்ந்த தம்பி இதை கோடுல தப்புன்னு டிக்கெட்டே போட்டுட்டான், பாவம். முகம் தட்டையா, நடு நோடு விளிம்போட சரிபாதியில இருந்தா அப்படித்தான் வரும்.

கடைசியா, ஃபைனைட் எலிமென்ட் ஆராய்ச்சியாளர் புரூஸ் அயர்ன்ஸ் குடுத்துட்டுப் போன பேட்ச் டெஸ்ட். ஒரு கியூப்ல நாலு லீனியர் (மூலையில மட்டும் நோடு உள்ள) ஷேப்பையும் கலந்து, உள் நோடுகளை கோணலா நகர்த்தி, வெளிய லீனியர் டிஸ்ப்ளேஸ்மென்ட் குடுத்தா உள்ள எங்க பாத்தாலும் ஒரே ஸ்ட்ரெய்ன் வரணும். வந்துச்சு. இப்ப கோடுல மாத்தம் சேர்க்கற ஒவ்வொரு மெர்ஜுக்கும் இது ஓடுது, 13 நோடு பிரமிட் மட்டும் இன்னும் பாக்கி.