கேள்வி நேரம்: 2022 குறிப்புகள்

மார்ச் 22, செவ்வாய்

நாளை மலேசிய மக்களவையில் சொஸ்மா தீர்மானம். நான் உதவியாளனாக இருக்கும் ஒய்.பி. (நாடாளுமன்ற உறுப்பினரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) பேசுவதற்கான தாள்களை மாலை வரை அடுக்கிக்கொண்டிருந்தேன். விசாரணையின்றி அடைத்துவைக்க 1960-இல் வந்த இசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை 2012-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கொண்டுவந்ததுதான் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம். அதன் 4(5) உட்பிரிவை நீட்டிக்கக் கேட்கிறார்கள். சூப்பரிண்டெண்டன் பதவிக்குக் குறையாத ஒரு போலீஸ் அதிகாரி உத்தரவிட்டால் போதும், கைதானவரை 28 நாள் வரை நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருக்கலாம். இதற்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் சம்மதம் தர வேண்டும்.

நம் ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2007 டிசம்பரில், இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் தலைவர்கள் ஐவர் இசாவில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். 2019-இல் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரை சொஸ்மாவில் பிடித்து, 2020 பிப்ரவரியில் அத்தனை பேர் மீதும் இருந்த வழக்கை மீட்டுக்கொண்டார்கள். இடையில் போன மாதங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகனும் சொஸ்மா வழக்கில் உள்ளே இருக்கிறான். ஜாமீன் கிடையாது. அவன் குற்றம் செய்தானா என்பது எனக்குத் தெரியாது. நீதிமன்றம் சொல்லட்டும், சீக்கிரம் சொல்லட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 23, புதன்

தோற்றுவிட்டது! தீர்மானத்துக்கு ஆதரவு 84, எதிர்ப்பு 86. ஐம்பது பேர் சபையில் இல்லை.

15 உறுப்பினர்கள் எழுந்து நின்றால் குரல் வாக்கை விட்டுத் தலை எண்ணியாக வேண்டும். எண்ணி முடியும்வரை உதவியாளர்கள் யாரும் டிவியை விட்டு நகரவில்லை. எண்ணிக்கையை வாசித்ததும் ஒரு சத்தம் போட்டோம். ஆனாலும் பேருந்தில் வரும்போது மனசு அந்த 50 பேரிடமே நின்றது. ஒரு குடிமகனை 28 நாள் அடைத்து வைக்கலாமா என்பதை 2 வாக்கு தீர்மானிக்கிறது. அப்படிப்பட்ட நாளில் நாற்காலியில் இருப்பதைவிட ஓர் உறுப்பினருக்கு வேறென்ன வேலை? எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

அக்கா இரவு வந்து, "இனி பையனை விட்டுடுவாங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லக்கா, ஜாமீன் 13-ஆம் பிரிவில் வருகிறது, அதை இன்று தொடவே இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.

ஜூலை 30, சனி

இந்தக் கூட்டத்தொடரில் தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார்கள். நிறைவேறிவிட்டது. 28 நாள் இன்னும் 5 ஆண்டுக்குத் தொடரும். எழுத மனமில்லை.

ஆகஸ்ட் 4, வியாழன்

நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் எல்.சி.எஸ். அறிக்கை இன்று சபைக்கு வந்தது. லுமுட்டில் கட்டும் கரையோரப் போர்க்கப்பல்கள் பற்றியது. மொத்தம் ஆறு கப்பல். 900 கோடி ரிங்கிட் திட்டம். தற்காப்பு அமைச்சின் வரலாற்றிலேயே பெரிய கொள்முதல். திறந்த டெண்டர் இல்லை, நேரடிப் பேச்சுவார்த்தையில் கொடுத்தது. இதுவரை 608 கோடி கட்டியாகிவிட்டது. முதலில் போட்ட அட்டவணைப்படி இந்த மாதத்துக்குள் ஐந்து கப்பல் கைக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றுகூட முடியவில்லை. போதாததற்கு, கடற்படை கேட்ட வடிவமைப்பு ஒன்று, தேர்ந்தெடுத்தது வேறொன்று.

இது வெறும் பண விவகாரம் இல்லை. சரவாக்கை ஒட்டிய நம் கடற்பகுதியில் சீனக் கடலோரக் காவல் கப்பல்கள் வந்து வந்து நிற்கின்றன. நம் கடற்படையோ 1984-இல் சேர்ந்த 'கஸ்தூரி'யை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதில் போகிற பிள்ளைகளும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. இதைக் கேட்கும் உறுப்பினர் நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கிறார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அவர் கேட்பதே அந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

ஒய்.பி.யிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த உரையானாலும் மூன்று வரியை மலாயில் கையால் எழுதி, தாளை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்வார். சபாநாயகர் மைக்கை நிறுத்துவதற்குள் அந்த மூன்று வரியாவது ஹன்சார்டில், அதாவது சபைக் குறிப்பேட்டில், ஏறிவிட வேண்டும் என்பார். இன்று மாலை எழுதியதில் முதல் வரி, "எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, யாருக்கு?"

ஆகஸ்ட் 7, ஞாயிறு

ஈப்போ பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். கப்பல் கதையைச் சொன்னதும் அவர் ஈப்போவின் பழைய எதிர்க்கட்சி உறுப்பினர் டி.ஆர். சீனிவாசகத்துக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து ஈப்போக்காரர்களுக்கு அவர் பெயர் இல்லாமல் அரசியல் பேச வராது.

1964-இல் நடந்தது. கல்வியமைச்சராக இருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது சீனிவாசகம் மக்களவையில் ஊழல் குற்றச்சாட்டு வைத்தார். சபைக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது, அரசியலமைப்பின் 63-ஆம் விதி காப்பாற்றும். முடிந்தால் வெளியே வந்து சொல் என்றார்கள். அவர் வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் வழக்குப் போட்டார், தோற்றார், பதவியும் விலகினார்.

"கையில சரக்கு இருந்துச்சுப்பா, அதான் அந்தத் துணிச்சல்" என்றார் பெரியப்பா. சரக்கு என்று அவர் சொன்னது ஆதாரத்தை. இன்றைய உறுப்பினருக்கு அது எங்கிருந்து கிடைக்கும்? 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டப்படி ஒரு தாளில் ரகசிய முத்திரை விழுந்துவிட்டால், நீதிமன்றம்கூட அந்த முத்திரை சரியா என்று கேட்க முடியாது. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் கணக்காய்வு அறிக்கையை 2016-இல் அப்படித்தான் பூட்டினார்கள். ஆட்சி மாறி 2018 மே மாதம்தான் திறந்தது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. கூட்டரசு அளவில், அதாவது நாடு முழுவதுக்கும், இல்லை. கோடிக்கணக்கில் செலவாவது அங்கேதான்.

ஆகஸ்ட் 24, புதன்

நேற்று கூட்டரசு நீதிமன்றம் ஊழல் வழக்கில் முன்னாள் பிரதமர் நஜிப்பின் கடைசி மேல்முறையீட்டைத் தள்ளியது. காஜாங் சிறைக்குப் போய்விட்டார். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் வேறு பேச்சே இல்லை. கப்பலை யாரும் நினைக்கவில்லை. நான் நினைத்தேன், அதனால் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 29, திங்கள்

கப்பல் விவகாரத்தின் தடயக் கணக்காய்வு அறிக்கைக்கும் விசாரணைக் குழு அறிக்கைக்கும் இந்த மாதம் ரகசிய முத்திரையை நீக்கினார்கள். மக்கள் விடாமல் கேட்டதால் நடந்தது. கேட்டால் திறக்கும் என்றால், முதலிலேயே பூட்டியது யாரைக் காப்பாற்ற? அந்தத் தாள்களில் கடலில் எதிரி பயன்படுத்திக்கொள்ளும்படி எதையும் நான் காணவில்லை. இருப்பது பணம் போன வழி.

இரண்டையும் அச்செடுத்து, தேதிகளுக்கு மஞ்சள், தொகைகளுக்குப் பச்சை என்று ஒட்டுத்தாள் ஒட்டி ஒய்.பி. மேசையில் வைத்திருக்கிறேன். பட்ஜெட் கூட்டத்துக்கான கேள்வியையும் எழுதியாகிவிட்டது: முதல் கப்பல் எப்போது கடற்படைக்குக் கிடைக்கும், அதற்குள் இன்னும் எவ்வளவு கட்டப்போகிறீர்கள், ஒவ்வொரு தொகைக்கும் கையெழுத்துப் போடும் அதிகாரி யார்? வாய்மொழிப் பதில் கேட்டிருக்கிறோம். எழுத்தில் பதில் வந்தால் துணைக்கேள்வி கேட்க வழி இருக்காது.